அறுநூற்றுப் பன்னிரண்டு மேற்கோள்கள்

"மேடம், ஒன்பது வருஷமா யாரும் கண்டுபிடிக்கல. இனிமேயும் கண்டுபிடிக்கப் போறதில்ல. நானாப் போய்ச் சொல்லணுமா?"

கேட்டவர் தெய்வசிகாமணி. நுண்ணுயிரியல் பேராசிரியர், வயது ஐம்பத்திரண்டு. அவருடைய ஒரே ஒரு கட்டுரையை மட்டும் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை இயக்குநர் பதவிக்கு நேர்காணல். போட்டியில் இருப்பவர் யாருக்கும் அதில் பாதிகூடக் கிடையாது.

எதிரே இருந்தவர் ரெபேக்கா. அந்தக் காலத்தில் அவருக்கு வழிகாட்டியாக இருந்து முனைவராக்கியவர். ஓய்வு பெற்ற பிறகும் ஆய்வகத்தை விடாத பிடிவாதக்காரி. வாழ்நாளில் எழுதியது பதினோரு கட்டுரை. வாய் மட்டும் நூறு கட்டுரைக்குச் சமம்.

அவர் கிருமி வளர்க்கும் அகார் கூழைச் சூடாகத் தட்டுகளில் ஊற்றிக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்தினால் குடுவையிலேயே உறைந்துபோகும். கடைசித் தட்டு வரைக்கும் சிகாமணி நின்றுகொண்டே இருந்தார்.

"இப்பச் சொல்லு. என்ன தப்பு?"

"வயல் மண்ணுல எடுத்த ஒரு பாக்டீரியா, காலராக் கிருமியைக் கொல்லுதுன்னு எழுதினேன். அது ஒண்ணு இல்ல மேடம், ரெண்டு. கூடவே இன்னொண்ணு கலந்து வளர்ந்திருக்கு. கொன்னது அதுதான்."

"தனியாப் பிரிச்சு மூணு தடவை வளர்த்துப் பாருன்னு சொல்லிக் கொடுத்தேனே?"

"ஒரு தடவைதான் பார்த்தேன்."

"ஏன்?"

"வேற யாராவது முந்திடுவாங்களோன்னு."

"அடப்பாவி," என்றார் ரெபேக்கா. திட்டுகிற குரலில் இல்லை. அவருக்கு நிஜமாகவே வலித்தது.

"இப்ப எப்படித் தெரிஞ்சுது?"

"தேனிப் பக்கம் ஆராய்ச்சி பண்ற ஒரு பொண்ணு, சுகிர்தான்னு பேரு. அந்த வயல் மண் கிருமி வேணும்னு கடிதம் போட்டிருந்தா. அனுப்பலாம்னு உறைபெட்டியிலேருந்து எடுத்து வளர்த்தேன். தட்டுல வெள்ளையா ஒண்ணு, மஞ்சளா ஒண்ணு."

"அறுநூத்துச் சொச்சம் பேர்ல எத்தனை பேர் உன்கிட்ட அந்தக் கிருமியைக் கேட்டாங்க?"

"யாருமே கேட்கல."

"ஊரோட ஒத்து ஓடிட்டாங்களாக்கும். இந்தப் பொண்ணு?"

"அவ இன்னும் ஒரு கட்டுரைகூடப் போடல மேடம்."

"படி அதை."

சிகாமணி சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்தார்.

"ஐயா, அதே பெயருள்ள கிருமியை வேறிடத்தில் வாங்கி மூன்று வருடமாகச் செய்து பார்க்கிறேன். ஒருமுறைகூடக் காலராக் கிருமி சாகவில்லை. பிழை என்னுடையதாகத்தான் இருக்கும். உங்களுடையதை வைத்துக் கடைசியாக ஒருமுறை செய்து பார்க்க ஆசை."

ரெபேக்கா கையுறையைக் கழற்றினார்.

"அப்ப ஒரு சுலபமான வழி இருக்கே. கலந்ததை அப்படியே அனுப்பிடு. வேலை செய்யும். அவளும் சந்தோஷமா உன் பேரை எழுதுவா. அறுநூத்துப் பதிமூணு."

சிகாமணி தலை குனிந்தார். அதையும் அவர் யோசித்திருந்தார். மேசைமேல் வைத்திருந்த பார்சலில் சுகிர்தாவின் முகவரியும் எழுதியிருந்தது.

ரெபேக்கா பார்சலைத் தொடவில்லை. கடிதத்தின் அடியில் இருந்த எண்ணைத் தன் கைபேசியில் அழுத்தி, அவர் கையில் கொடுத்தார்.

"யாருங்க?" என்றாள் மறுமுனையில் சுகிர்தா.

"தெய்வசிகாமணி பேசறேம்மா."

நாற்காலி சடாரென்று நகரும் சத்தம். எழுந்து நின்றுவிட்டாள் போல.

"சார்! வணக்கம் சார்! நீங்களே பேசறீங்களா? இனிமே கிருமி அனுப்ப வேண்டாம் சார், உங்களுக்கு எதுக்குச் சிரமம். எனக்குக் கைராசி இல்லைன்னு எங்க கைடு சொல்லிட்டாரு. ஆராய்ச்சியை விட்டு விலகுறேன்னு நேத்தே எழுதிட்டேன் சார். இன்னைக்குக் கொடுக்கணும்."

சிகாமணி கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார். ரெபேக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கொடுக்காதம்மா. கிழிச்சுப் போடு."

"சார்?"

"மூணு வருஷமா உனக்கு வந்ததுதான் சரி. தப்பா எழுதினது நான்."