முதல் நிலைவாசல்

எட்டு மாடி கட்டுகிற மனுஷனுக்கு நாலு சுவர் கட்ட மனசு வரவில்லை. பில்டர் தணிகாசலத்தைத்தான் சொல்கிறேன்.

வேலை செய்கிற பெண்களுக்கு ஒரு கக்கூஸ் வேண்டும் என்று சித்தாள் பச்சையம்மா கேட்டாள்.

"வீட்டுக்கு மூணு பாத்ரூம் கட்டறேன், இதுல உங்களுக்கு வேறயா? இருட்டினதும் அந்தப் புதர்ப் பக்கம் போங்க."

முதல் நிலைவாசல் வைக்கிற பூஜை வந்தது. வீடு வாங்க வந்தவர்கள் கூடியிருந்தார்கள். "யார் எது கேட்டாலும் நான் சொன்னதைத்தான் சொல்லணும். சொந்தமா ஒரு வார்த்தை வரக் கூடாது" என்று தணிகாசலம் பச்சையம்மாவை முன்பே மிரட்டி வைத்திருந்தார்.

வெயிலுக்கு ரெண்டு இளநீர் குடித்திருந்த தணிகாசலத்தின் மனைவி, பச்சையம்மாவிடம் மெதுவாகக் கேட்டாள். "பாத்ரூம் எங்கம்மா இருக்கு?"

"இருட்டினதும் அந்தப் புதர்ப் பக்கம் போங்கம்மா" என்றாள் பச்சையம்மா, கூட்டத்துக்கே கேட்கும்படி.

தணிகாசலம் பாய்ந்து வந்தார். "யார்கிட்ட என்ன பேசற?"

"நீங்க எங்களுக்குச் சொன்னதுதாங்க. சொந்தமா ஒரு வார்த்தை சேக்கலை."

கூட்டம் அவரையே பார்த்தது. மனைவி கேட்டாள், "அப்போ பகல்ல என்னம்மா பண்ணுவீங்க?"

"அதுக்கு ஐயா ஒண்ணும் சொல்லலைங்க. நாங்களாத்தான் தண்ணி குடிக்கறதை விட்டுட்டோம்."

அந்த அம்மா பூஜைத் தட்டைக் கீழே வைத்தாள். "நிலையைத் தூக்குங்க. முதல்ல இவங்களுக்கு வைங்க."

மஞ்சள் குங்குமத்தோடு அந்தத் தேக்கு நிலை புதர்ப் பக்கம் போனது, இருட்டுவதற்கு முன்பே.