மூன்றாவது கம்பி

“கிட்டார் கரகரக்குது டீச்சர்,” என்றாள் கற்பகம்.

ஆக்னெஸ் இழைப்புளியைக் கீழே வைத்தாள். முத்தியால்பேட்டையில் இருந்த அந்தச் சின்னப் பட்டறையின் தரை முழுக்க மரச்சீவல். மூலையில் வச்சிரப் பசை இளகிக்கொண்டிருந்தது.

ஆக்னெஸ் வயதில் வெகு இளையவள். ஆனாலும் சொல்லிக்கொடுக்கிறவளைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கற்பகத்துக்கு நாக்கு எழவில்லை.

“நேத்துதானே அக்கா எடுத்துட்டுப் போனீங்க?”

“போய் வாசிச்சுப் பாத்தேன். அதான் விடிஞ்சதும் வந்துட்டேன்.”

அவளுக்கு அது வெறும் கிட்டார் இல்லை.

கற்பகம் கச்சேரிப் பாடகி. பிசிறில்லாத குரல் என்று பேரெடுத்தவள். கழுத்தில் ஒரு கட்டியை எடுத்த பிறகு அந்தக் குரல் திரும்பவில்லை. அதன் இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது, மணலில் பலகையை இழுப்பதுபோல.

தம்புராவைச் சிஷ்யை ஒருத்திக்குக் கொடுத்துவிட்டாள். பேச்சைக் குறைத்துக்கொண்டாள். குளிக்கும்போதுகூட முணுமுணுப்பதில்லை.

பிறகு ஒரு சாயங்காலம், கடற்கரைச் சாலையில் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் ஃபிளமெங்கோ என்ற ஸ்பெயின் நாட்டு இசையைக் கிட்டாரில் வாசித்துக்கொண்டிருந்தார். ஈரக் கையை உதறுவதுபோல் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. கம்பிகளில் கோடை மழை இறங்கியது. கற்பகம் கடைசிவரை நின்று கேட்டாள்.

இனி விரல் பாடட்டும் என்று அங்கேயே முடிவு செய்தாள்.

அந்த வகைக் கிட்டாரைச் செய்யவும் வாசிக்கவும் ஸ்பெயினில் கற்றுக்கொண்டு ஊர் திரும்பியவள் ஆக்னெஸ். பழக ஆரம்பிக்கிறவர்களுக்குக் கடைக் கிட்டாரே போதும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கற்பகம் கேட்கவில்லை. தனக்கென்றே செய்தது வேண்டும் என்றாள்.

“முதல் பாடத்துக்கு முந்தியே வாத்தியம் செய்யச் சொன்ன ஆளு நீங்க ஒருத்தர்தான்,” என்று சிரித்தாள் ஆக்னெஸ்.

யாருக்குச் செய்தாலும் முதலில் அவர்களை வாசிக்கச் சொல்லிக் கேட்பது அவள் வழக்கம். கற்பகத்துக்கு வாசிக்கத் தெரியாது. சரி, வேண்டிய சத்தத்தைப் பாடியாவது காட்டுங்கள் என்றாள். கற்பகம் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள்.

அப்படியானால் பேசுங்கள், போதும் என்றாள் ஆக்னெஸ்.

கற்பகம் பேசினாள். சத்தம் சுத்தமாக இருக்க வேண்டும், பிசிறே கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆக்னெஸ் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மாதங்கள் ஓடின. பட்டறைக் கிட்டாரில் ஆக்னெஸ் சொல்லிக்கொடுத்த ஒரு பாடத்தைக் கற்பகம் பஸ்ஸிலும் ரேஷன் கடை வரிசையிலும் தன் தொடைமேலேயே விரல்களை உதறிப் பழகினாள்.

வந்து சேர்ந்த கிட்டார் இப்படி.

“வாசிச்சுக் காட்டுங்க,” என்றாள் ஆக்னெஸ்.

கற்பகம் தனக்குத் தெரிந்த ஒரே பாடத்தை வாசித்தாள். விரல்கள் வேகமாக விரிந்த இடத்தில் கம்பிகள் கரகரத்தன.

“கேட்டீங்களா?”

“கேட்டேன். கம்பியத் தாழ்வா வெச்சிருக்கேன் அக்கா. பலமா அடிச்சா கழுத்துல பதிச்ச மெட்டுல லேசா உரசும். இந்த வாத்தியம் அப்படித்தான்.”

“எனக்கு அப்படி வேணாம்.”

ஆக்னெஸ் ஒரு கம்பியை விரலால் தொட்டாள்.

“தம்புராவுல கம்பிக்கு அடியில நூல் வெப்பீங்களே. எதுக்கு?”

கற்பகத்துக்குத் தெரியாதா? மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து, நூலை இப்படியும் அப்படியும் நகர்த்தி, கம்பி ரீங்கரிக்கத் தொடங்கும் அந்த மயிரிழை இடத்துக்காகக் காத்திருந்தவள் அவள்.

“தம்புரா வேற,” என்றாள்.

ஆக்னெஸ் வாதாடவில்லை. கம்பிகளைத் தளர்த்தினாள். அவற்றைத் தாங்கியிருந்த எலும்புத் துண்டை உருவி எடுத்தாள். டப்பாவில் தேடி, அதைவிட உயரமான துண்டொன்றைச் செருகினாள். கிட்டாரின் தலையில் சுருதி பார்க்கும் கருவியை மாட்டி, ஒவ்வொரு கம்பிக்கும் பச்சை விளக்கு எரியும்வரை முடுக்கினாள்.

“இப்ப வாசிங்க.”

கற்பகம் வாசித்தாள். ஒவ்வொரு ஸ்வரமும் கழுவித் துடைத்து அடுக்கியதுபோல் வந்தது.

இன்னொரு முறை வாசித்தாள். பிறகு மெதுவாக, இன்னொரு முறை.

“சரியாயிடுச்சா அக்கா?”

“சுத்தமா இருக்கு.”

“அப்ப உறையில போட்டுடட்டுமா?”

கற்பகம் கிட்டாரைக் கொடுக்கவில்லை.

“பக்கத்து வீட்டுல யாரோ வாசிக்கற மாதிரி இருக்கு,” என்றாள்.

“நல்லா வாசிக்கறாங்களா?”

“எங்க? ஒரே பாடம்தான் தெரியும் போல.”

ஆக்னெஸ் சிரித்தாள். கற்பகமும் சிரித்தாள். பழைய எலும்புத் துண்டு மேஜை மேல் கிடந்தது. கற்பகத்தின் கண் அங்கே போனதை ஆக்னெஸ் பார்த்தாள்.

அவளே கிட்டாரை வாங்கிக்கொண்டாள். மறுபடி கம்பிகளைத் தளர்த்தி, பழைய துண்டையே வைத்தாள். கிட்டாரைக் கற்பகத்தின் மடியில் நிமிர்த்தினாள். சுருதிக் கருவியைக் கழற்றித் தன் ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“மூணாவது கம்பி உங்க அஞ்சு கட்டை சுருதி,” என்றாள். “ஸ குடுங்க அக்கா. அதுக்குச் சேத்துடறேன்.”

கற்பகம் ஏப்ரன் பையைக் கைகாட்டினாள்.

“கருவி இருக்கே.”

“பாட்டரி தீந்துபோச்சு.”

பைத்துணிக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கற்பகம் அதைப் பார்த்தாள். ஆக்னெஸ் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், முறுக்காணியில் விரலை வைத்தபடி.

எழுந்து போய்விடலாம். உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனால் யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை.

கற்பகம் வாயைத் திறந்தாள்.

மணலில் பலகை இழுபட்டது. அதே சத்தம்தான். ஆனால் அஞ்சு கட்டை இருந்த இடத்திலேயே இருந்தது.

அவள் நிறுத்தப் போனாள்.

“விடாதீங்க.”

முறுக்காணி மெல்லத் திரும்பியது. இன்னும் கொஞ்சம். கற்பகம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

திடீரென்று வயிற்றோடு ஒட்டியிருந்த மரம் சிலிர்த்தது.

மூன்றாவது கம்பி அதிர்ந்துகொண்டிருந்தது. அவள் மூச்சு தீர்ந்து வாயை மூடிய பிறகும், அது தனியாக இன்னும் கொஞ்ச நேரம் பாடியது.

“நீங்க தொட்டீங்களா?” என்று கேட்டாள் கற்பகம்.

“இல்லியே.”

கற்பகம் தன் கைகளைப் பார்த்தாள். இரண்டும் கிட்டாரின் விளிம்பைப் பிடித்திருந்தன.

ஆக்னெஸ் விரலை அடுத்த முறுக்காணிக்கு நகர்த்தினாள்.

“இன்னும் அஞ்சு கம்பி இருக்கு அக்கா.”

கற்பகம் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.