மூக்கருகே இரும்புக் குண்டு

"இயற்பியல் லேபை இன்னைக்கே பூட்டிடலாம்" என்று தாளாளர் தணிகாசலம் தலைமையாசிரியையிடம் சொன்னது, பதிவேடு எடுக்கப் போன ஆய்வக உதவியாளர் மரகதவல்லியின் காதில் விழுந்தது. பூட்டினால் அவள் வேலையும் போய்விடும்.

அவள் ஆய்வகத்துக்குத் திரும்பிய சற்று நேரத்தில், பூட்டை ஏந்திய எழுத்தரோடு தாளாளர் வந்துவிட்டார். பதினோராம் வகுப்புப் பெண்கள் எழுந்து நின்றார்கள்.

"எல்லாம் புத்தகத்துல இருக்கு. மனப்பாடம் பண்ணினா மார்க் வருது. செஞ்சு காட்டினாத்தான் நம்புவீங்களா?" என்றார் தாளாளர்.

"சரிதான் சார்." மரகதவல்லி, கயிற்றில் தொங்கிய இரும்புக் குண்டைப் பிடித்துக் காட்டினாள். "விட்டத்துல தொங்குற இந்தக் குண்டை மூக்குகிட்ட பிடிச்சு, தள்ளாம விட்டா, திரும்பி வந்து மூக்குல இடிக்காது. அதுவும் புத்தகத்துல இருக்கு. நீங்களே அசையாம நின்னு விட்டுப் பாருங்க."

"இதென்னம்மா பெரிய வித்தை" என்று தாளாளர் சுவரில் சாய்ந்து நின்று, குண்டை மூக்கருகே பிடித்து விட்டார். எதிர்ப்பக்கம் போன குண்டு திரும்பியதுதான் தாமதம், அவர் துள்ளி விலகி மேசையில் மோதினார். அவர் மூக்கு இருந்த இடத்துக்குச் சற்று முன்னாலேயே குண்டு நின்று திரும்பியது.

"புத்தகத்துல இருக்கறதுதானே சார், ஏன் நகர்ந்துட்டீங்க?" என்று கேட்டாள் மரகதவல்லி.

ஒரு பெண்கூடச் சிரிக்கத் துணியவில்லை.

தாளாளர் எழுத்தரைப் பூட்டோடு வெளியே அனுப்பினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, மறுபடியும் சுவரில் சாய்ந்து நின்றார்.