முயலை விரட்ட யாரிடம் அனுமதி?

குளத்துத் தண்ணீர் உள்வாங்கி, கரையோரத்து வண்டல் மண் வெளியே தெரிந்ததும், காட்டு விலங்குகள் அங்கே ஆளுக்கொரு பாத்தி போட்டுக்கொண்டன. பெருச்சாளி நிலக்கடலை போட்டது. ஆமை தண்டுக்கீரை விதைத்தது. கடைசிப் பாத்தி சிலிர்ப்பனுக்கு வந்தது.

சிலிர்ப்பன் ஒரு முள்ளம்பன்றி. நல்ல உழைப்பாளி. ஆனால் யார் எதைச் சொன்னாலும் "அதுவும் சரிதான்" என்று தலையாட்டிவிட்டு, அப்புறம் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிற பேர்வழி.

அவன் தன் பாத்தியில் சர்க்கரைவள்ளிக் கொடி நட்டான். பாத்தி என்றால் பாத்தி, அப்படி ஒரு சுத்தம்! ஒரு சருகு கிடக்க விடமாட்டான். காலைக்கடனுக்குக்கூட மலையடிவாரம் வரை நடந்து போய்விட்டு வருவான். "விளையிற மண்ணுல அசிங்கம் பண்ணலாமா?" என்பான். பக்கத்துப் பாத்திப் பெருச்சாளிக்கு அதைக் கேட்டால் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும்.

அந்தப் பாத்தியை நம்பித்தான் அவன் குடும்பமே இருந்தது. அவன் மனைவி முள்ளழகி மாசமாக இருந்தாள். கோடை முற்றினால் காட்டுத் தரை கல்லாக இறுகிவிடும், ஒரு கிழங்கைக்கூடத் தோண்டி எடுக்க முடியாது. பாத்தியில் கிழங்கு பிடித்தால்தான் அவளும் பிறக்கப்போகிற குட்டிகளும் பட்டினி கிடக்காமல் பிழைப்பார்கள்.

வந்தது வினை. பாத்திக்கு அந்தப் பக்கம் ஒரு சூரைமுள் புதர்க்காடு. பொழுது சாயும் நேரத்தில் அதற்குள்ளிருந்து முயல்கள் கூட்டமாக வந்தன. கொடியை மொட்டையடித்தன. போகிறபோது பாத்தி முழுக்கப் புழுக்கை போட்டுவிட்டுப் போயின. சிலிர்ப்பனுக்குக் காலையில் அதைப் பார்த்தாலே உடம்பெல்லாம் கூசும். புலம்பிக்கொண்டே எல்லாவற்றையும் மண்ணைக் கிளறி உள்ளே புதைப்பான். மேலே பார்த்தால் பாத்தி பழையபடி பளிச்சென்று இருக்கும். மறுநாள் காலையிலும் அதே வேலைதான்.

"ஏங்க, இலையே இல்லாத கொடியில கிழங்கு எப்படிப் பிடிக்கும்?" என்றாள் முள்ளழகி. அவள் குரலில் பயம் இருந்தது.

சிலிர்ப்பன் அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்தான். முயல்கள் வருகிற வழியெல்லாம் புதருக்கு உள்ளேதானே இருக்கிறது? அங்கேயே முள்ளை வெட்டிப் போட்டு அடைத்து, முயல்களை மலைப் பக்கமாக ஓட்டிவிட வேண்டும். ஒரு முள்கிளையை இழுத்துக்கொண்டு கிளம்பியும் விட்டான்.

"அடேய், நில்லு நில்லு!" என்று பெருச்சாளி ஓடிவந்தது. "எங்கே போறே?"

"முயலை அடைக்கப் போறேன் அண்ணே."

"பாத்திதான் உன்னோடது. புதர்க்காடு உன்னோடதா? அடுத்தவன் நிலத்துல அவனைக் கேக்காம முள்ளு போட்டா ஊர் சும்மா விடுமா? போன வருஷம் கீரி கேக்காம ஒரு வளை தோண்டிச்சு. அடிச்சே துரத்திட்டாங்க."

"அதுவும் சரிதான். அப்போ புதருக்குச் சொந்தக்காரர் யாரு?"

"எனக்கு எப்படித் தெரியும்? மோந்து பாரு."

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தக் காட்டில் வேலி கிடையாது, எல்லைக்கல் கிடையாது. எந்த மண்ணில் யார் கழிந்தோ, உடம்பைத் தேய்த்தோ வைத்த வாடை இருக்கிறதோ, அந்த மண் அவருக்கு. இரண்டு பேர் வாடை இருந்தால் முந்தி வைத்தவருக்கு. அனுமதி கொடுப்பதும் அப்படித்தான். சொந்தக்காரர் நேரில் வந்து, வேலை நடக்கப்போகிற இடத்தில் தன் வாடையை வைத்துவிட்டுப் போக வேண்டும்.

சிலிர்ப்பன் புதர்க்காட்டுக்குள் நுழைந்து மூக்கை நீட்டினான். முதல் புதரடியில் முயல் வாடை. அடுத்த புதரடியிலும் முயல் வாடை. காலடியில் எங்கே பார்த்தாலும் புழுக்கை, பழசும் புதுசுமாக. அரைக் காட்டைச் சுற்றியும் வேறு ஒரு வாடையும் இல்லை.

"என்ன கூத்து இது? சொந்தக்காரர் வாடையே இல்லையே!" என்று அவன் குழம்பிப்போனான். முயல் வாடையை அவன் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

வெளியே வந்தபோது எதிரே நரி வந்தது.

"என்ன தம்பி, மூக்கெல்லாம் மண்ணு?"

சிலிர்ப்பன் விவரத்தைச் சொன்னான். நரியின் காது விறைத்தது.

"அட, அது என் நிலம்தாம்பா! எங்க தாத்தா காலத்துலேருந்து எங்களோடது."

"உங்க வாடை ஒண்ணும் காணோமே ஐயா?"

"மழையில கரைஞ்சிருக்கும். அனுமதிதானே? தாராளமா தர்றேன், வா."

நரி கூடவே வந்தது. புதரோரம் வந்ததும் நின்றது. சூரை முள் கொக்கி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. நரி தன் பாதத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டது.

"உள்ளே எதுக்குப்பா போய் முள்ளு குத்திக்கணும்? உன் பாத்தி மூலையிலேயே வச்சிடறேன். ரெண்டும் பக்கத்துப் பக்கம்தானே?"

"அதுவும் சரிதான்" என்றான் சிலிர்ப்பன்.

நரி பாத்தியின் மூலையில் காலைத் தூக்கியது. சிலிர்ப்பனுக்கு ஒரே அருவருப்பு. இருந்தாலும் அனுமதி அல்லவா? கும்பிட்டு அனுப்பிவைத்தான்.

சந்தோஷமாக முள்கிளையை இழுக்கத் தொடங்கினான். நாலு எட்டு வைத்திருப்பான். காட்டுப்பன்றி உறுமிக்கொண்டு எதிரே வந்து நின்றது.

"யாரைக் கேட்டு அங்கே போறே?"

"நரியாரைக் கேட்டுத்தான் ஐயா. அனுமதி கொடுத்துட்டாரு."

"நரிக்கு ஏது நிலம்? அது என் புதர். என்னைக் கேட்டியா?"

சிலிர்ப்பனுக்குத் தலை சுற்றியது. நரி சொன்னது பொய்யா, பன்றி சொல்வது பொய்யா? இரண்டு பேருமே இவ்வளவு சத்தமாகச் சொல்கிறார்களே! சரி, இருவரிடமும் வாங்கிவிட்டால் யாரும் குறை சொல்ல முடியாது என்று நினைத்தான்.

"தெரியாம செஞ்சிட்டேன் ஐயா. நீங்களும் அனுமதி கொடுத்திடுங்க" என்றான்.

பன்றி சேற்று உடம்போடு நேராகப் பாத்திக்கு வந்தது. அதன் கண் கொடியடி மண்ணிலேயே இருந்தது. ஓரத்தில் நின்ற வேலமரத்தில் முதுகைத் தேய்த்தது. கீழே மண்ணில் ஒரு முறை புரண்டது. "ஆச்சு, போ" என்றது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது முள்ளழகி நெற்றியைச் சுருக்கினாள். "முயல் இருக்கிறது புதருக்குள்ள. அனுமதி நம்ம பாத்தியிலயா வைப்பாங்க? எனக்கென்னமோ சரியாப் படலை."

"எனக்கும் ஒண்ணும் புரியலை. பெரியவங்க வச்சிருக்காங்க, தப்பா இருக்குமா?" என்றான் சிலிர்ப்பன்.

மறுநாள் காலை பாத்திக்குப் போனால், ஒரு மூலையில் நரி உட்கார்ந்திருந்தது. வேலமரத்தடியில் பன்றி நின்றிருந்தது. இரண்டும் கத்திக்கொண்டிருந்தன.

"இந்தப் பாத்தி என்னோடது. என் வாடை இருக்கு பாரு!" என்றது நரி.

"என் வாடையும்தான் இருக்கு! கிழங்கை நான்தான் தோண்டுவேன்" என்றது பன்றி.

"முந்தி வச்சது யாரு? நான்! முந்தின வாடைக்குத்தான் மண்ணு. ஊர் வழக்கம் தெரியாதா உனக்கு?"

சிலிர்ப்பன் நடுவே புகுந்தான். "ஐயா, அது அனுமதிக்கு வச்ச வாடை. பாத்தி என்னோடது..."

"உன்னோடதா?" நரி இளித்தது. "உன் வாடை எங்கே? காட்டு பார்ப்போம்."

எப்படிக் காட்டுவான்? மலையடிவாரம் வரை நடந்துபோய் வந்த சுத்தக்காரன் அல்லவா! பாத்தியில் அவன் வாடை மருந்துக்கும் இல்லை. பெருச்சாளியும் ஆமையும் வந்து மோந்து பார்த்துவிட்டு, இல்லை என்று தலையாட்டின. வழக்கம் வழக்கம்தானே.

"இனிமே உள்ளே வரணும்னா எங்களைக் கேட்டுட்டு வா" என்றது பன்றி.

முயலை விரட்ட அனுமதி கேட்கப் போனவன், சொந்தப் பாத்திக்குள் போகவே அனுமதி கேட்கும்படி ஆகிவிட்டது. இது எப்படி நடந்தது என்று சிலிர்ப்பனுக்குப் பிடிபடவே இல்லை. முள்ளழகியின் முகத்தில் விழிக்கத் தைரியம் இல்லாமல் புதர்க்காட்டுக்குள் போனான். அங்கே உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

"யாரது, எங்க வாசல்ல உக்காந்து அழறது?" என்று ஒரு குரல் கேட்டது.

புதருக்கு அடியிலிருந்து ஒரு முயல் எட்டிப்பார்த்தது. முயல் கூட்டத்துக்கே மூத்தவள் அவள். பெயர் துள்ளாயி.

சிலிர்ப்பனுக்கு ஆத்திரம் வந்தது. "எல்லாம் உங்களாலதான்! உங்களை விரட்ட அனுமதி வாங்கப் போய்த்தான் எனக்கு இந்தக் கதி!"

"யார்கிட்ட வாங்கினே?"

"இந்தப் புதருக்குச் சொந்தக்காரங்ககிட்ட. நரியார்கிட்ட, பன்றியார்கிட்ட."

துள்ளாயிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. தரையில் உருண்டே சிரித்தாள். "குனிஞ்சு பாருப்பா. இங்க யார் வாடை இருக்கு?"

சிலிர்ப்பன் குனிந்தான். காலடியில் புழுக்கை. அடுத்த புதரிலும் புழுக்கை. அவன் வாய் மெதுவாகத் திறந்தது.

"அப்போ... நிலத்துக்குச் சொந்தக்காரங்க நீங்களா?"

"பின்னே? எங்களை விரட்டணும்னா எங்ககிட்டதான் கேட்டிருக்கணும்."

"கேட்டா கொடுப்பீங்களா?"

"கொடுக்கமாட்டோம். ஆனா கொடியைத் தொடாதீங்கன்னு சொல்லியிருந்தா கேட்டிருப்போம். உன் பாத்தியில உன் வாடையே இல்லை. யாரும் இல்லாத கொடின்னுதான் தின்னோம்."

சிலிர்ப்பன் தலையைச் சொறிந்தான். அதுவும் சரிதான்.

கொடி நட்டது முதல் நரி இளித்தது வரை நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னான்.

"சரி, அழுதது போதும்" என்றாள் துள்ளாயி. இப்போது அவள் சிரிக்கவில்லை. "நரி பக்கத்துல குடிவந்தா எங்க குட்டிகள் ஒண்ணும் மிஞ்சாது. பன்றி உன் கிழங்கைத் தின்னும், நரி எங்களைத் தின்னும். நீ முள்ளைச் சிலிர்த்துக்கிட்டு முன்னாடி நட. நான் உன் பின்னாடி வர்றேன்."

பாத்தியில் நரியும் பன்றியும் இன்னும் இருந்தன, சுற்றிலும் ஊரே கூடியிருந்தது. நரி முயலைப் பார்த்ததும் நாக்கைச் சப்புக்கொட்டியது. சிலிர்ப்பன் முள்ளையெல்லாம் விறைத்து நிறுத்தினான். இடத்தை விட்டு நகரவில்லை. அவனுக்குப் பின்னாலிருந்து துள்ளாயி பேசினாள்.

"நரியாரே, வழக்கம் என்னன்னு இன்னொரு தரம் சொல்லுங்க."

"முந்தின வாடைக்கு மண்ணு! எத்தனை தரம் சொல்றது?"

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா? பெருச்சாளியண்ணே, இந்தப் பாத்தியைக் கொஞ்சம் தோண்டிக் காட்டுங்க."

பெருச்சாளி தோண்டியது. மேல்மண்ணுக்குக் கீழே புழுக்கை. இன்னும் ஆழமாகத் தோண்டியது. அங்கேயும் புழுக்கை, காய்ந்த கடலை மாதிரி. வேறு இடத்தில் தோண்டினாலும் அதே புழுக்கை. கொடி நட்ட காலத்திலிருந்து சிலிர்ப்பன் தினம் தினம் புலம்பிக்கொண்டே புதைத்ததெல்லாம் அப்படியே இருந்தது.

ஆமை மோந்து பார்த்துவிட்டு, "முயல் வாடைதான். ரொம்பப் பழசு" என்றது.

வழக்கத்தைச் சொன்னதோ நரியின் வாய்தான். ஊரே கேட்டிருந்தது. பன்றி நரியை முறைத்தது. "உன்னோட வாதாடி நின்னதுக்கு இதுதான் மிச்சம்" என்று அதை முட்டித் தள்ளிவிட்டுப் போனது. நரியும் வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு நழுவியது.

சிலிர்ப்பனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அடுத்த நொடியே குழப்பம் வந்துவிட்டது.

"அப்போ பாத்தி இப்போ யாரோடது?"

"எங்களோடதுதான்" என்றாள் துள்ளாயி. அவன் முகம் விழுந்ததைப் பார்த்து அவளுக்குப் பாவமாக இருந்தது. "நீயே பயிர் பண்ணிக்கோ. கிழங்கு பிடிக்கிறவரை கொடியைத் தொடமாட்டோம். கிழங்கை நீ எடுத்ததும் கொடி முழுக்க எங்களுக்கு. முள்ளு எங்கேயும் போடக்கூடாது. சம்மதமா?"

"சம்மதம்" என்றான் சிலிர்ப்பன்.

அனுமதி என்றால் வாடை வைக்க வேண்டுமே! முயல் குட்டிகள் பாத்தியின் நாலு மூலைக்கும் துள்ளி ஓடிப் புழுக்கை போட்டன. பழக்கதோஷம், சிலிர்ப்பன் உடனே மண்ணைக் கிளறிப் புதைக்கப் போனான்.

"தொடாதீங்க!" என்று முள்ளழகி கத்தியது குளத்து அக்கரை வரை கேட்டது.

கோடை முற்றி, தரை கல்லாக இறுகியபோது அவளுக்குக் குட்டிகள் பிறந்தன. அவள் பசித்திருக்கவில்லை. அத்தனை புழுக்கை உரம் தின்ற மண் அல்லவா, கிழங்கு ஒவ்வொன்றும் அவ்வளவு பருமன்.

முயலை விரட்ட அனுமதி தேடிப் போய், முயலின் அனுமதியில் பிழைப்பு நடத்துகிறோமே, இது எப்படி ஆயிற்று என்று சிலிர்ப்பன் இன்றைக்கும் தலையைச் சொறிந்துகொண்டுதான் இருக்கிறான்.

ஆகவே குழந்தைகளே, ஒரு மண்ணுக்கு உரியவர் யார் என்று தெரிய வேண்டுமானால், உரக்கப் பேசுகிறவரின் வாயைப் பார்க்காமல் முதலில் உங்கள் காலடியைக் குனிந்து பாருங்கள்.