வாய் நிறைய ரொட்டி

நாவல் மரத்து உச்சியில் சடையன் மந்தி உட்கார்ந்திருந்தால் போதும், கீழே மான்கள் தலையைத் தூக்காமல் மேயும். அந்தக் காட்டில் அதுதான் வழக்கம். சிறுத்தை வருவது மேலே இருக்கிற மந்தியின் கண்ணில்தான் முதலில் படும். அது "கக்! கக்!" என்று கத்தும். மான்கள் ஓடித் தப்பிக்கும்.

ஒருநாள் காட்டைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் ஓடைக்கரையில் கூடாரம் போட்டார்கள். முதுகுப் பையை இறக்கினார்கள், பாட்டைப் போட்டார்கள், ரொட்டியைப் பிரித்து ஜாம் தடவினார்கள். வாசனை உச்சிக் கிளை வரை வந்தது. சடையனுக்கு வாயில் எச்சில் ஊறியது.

"செம்பி, இதோ வந்துடறேன்!" என்று கீழே இறங்கியது.

செம்பி மானுக்குப் பகீரென்றது. "அண்ணே, என் குட்டிக்கு இன்னும் ஓடக்கூடத் தெரியாது. நீங்க மேலே இருந்தாத்தான் எனக்கு நிம்மதி!"

"அட, கூடாரம் என்ன சீமையிலா இருக்கு? அதுக்குப் பக்கத்துப் பாறையிலிருந்து பார்த்தா எல்லாம் தெரியும். என் கண்ணு இங்கேயேதான் இருக்கும், போ!"

கண் எங்கே இருந்ததோ, வாய் மட்டும் ரொட்டியில் இருந்தது. "ஐயோ, எவ்வளவு அழகா சாப்பிடுது!" என்று ஒரு பெண் இன்னும் இரண்டு துண்டு போட்டாள். சடையன் இரண்டையும் ஒன்றாகத் திணித்துக்கொண்டு நிமிர்ந்தது. புல்லுக்குள் சிறுத்தையின் வால் நெளிந்தது!

துப்பிவிட்டுக் கத்தியிருக்கலாம். துப்ப மனசு வரவில்லையே, பாவி மந்திக்கு! அவசர அவசரமாக விழுங்கியது. தொண்டையில் சிக்கியது. அது இறங்கி, குரல் வெளியே வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. குட்டியைக் கவ்விக்கொண்டு சிறுத்தை புதருக்குள் போய்விட்டது.

சடையன் திரும்பி வந்தபோது செம்பி அழுது ஓய்ந்திருந்தது. "நீங்க கத்தியிருப்பீங்க, அண்ணே. கூடாரத்துக்காரங்க போட்ட பாட்டுச் சத்தத்துல எங்களுக்குத்தான் கேட்கலை. நீங்க மனசை வருத்திக்காதீங்க" என்றது.

அதைக் கேட்டதும் சடையனுக்கு உடம்பெல்லாம் கூசியது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கும். 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல அதனால் முடியவில்லை.

"இல்லை, செம்பி. சிறுத்தையை நான் முன்னாடியே பார்த்துட்டேன். என் வாய் நிறைய ரொட்டி இருந்தது. துப்பாம விழுங்கினேன்."

செம்பி சடையனை ஏறிட்டுப் பார்த்தது. பிறகு திரும்பி நடந்தது. மற்ற மான்களும் அதன் பின்னால் போய், ஓடைக்கு அந்தப் பக்கம் வேறொரு மந்தி இருந்த மரத்தடியில் நின்றுகொண்டன. சடையன் வெட்கத்தில் கைகளால் முகத்தை மூடிக்கொண்டது.

நம்மை நம்பியிருப்பவர்களுக்காகக் குரல் கொடுக்க வேண்டிய வாயை ஆசைக்குக் கொடுத்துவிட்டால், பிறகு எவ்வளவு உண்மை பேசினாலும் போன உயிர் திரும்பி வராது.