எதிர் இலை

"அம்மா, இந்தக் கட்டி எப்போ என்னைய விட்டுப் போகும்?"

மலையடிவாரத்து மடத்துக்கு வந்து சேர்ந்த உலகம்மாள், தோளில் கிடந்த பையை இறக்குவதற்கு முன்பே கேட்டது இதைத்தான்.

செண்பகத்தம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"எந்தக் கட்டி அக்கா?"

உலகம்மாளுக்குக் கூச்சமாகப் போயிற்று. சுற்றுப்பட்டு ஊரெல்லாம் அம்மா என்று கும்பிடுகிற மடத்துத் தலைவி, அவளைவிட இரண்டு வயது இளையவர். அக்கா என்று கூப்பிடும் குருவை அம்மா என்று கூப்பிடும் சிஷ்யை. நல்ல கூத்துதான்.

"சினைப்பையில நீர்க்கட்டி. கல்யாணமாகி ஒம்பது வருசமாச்சு. ஒன்னும் தங்கல. எடையைக் கொஞ்சம் கொறச்சுட்டு வா, வைத்தியத்தை ஆரம்பிப்போம்னு டாக்டரம்மா சொல்லுதாங்க. அடுத்த மாசம் போகணும். இது என்னடான்னா அசைய மாட்டேங்கு."

"என்ன சாப்பிடுதீங்க?"

"ஒன்னுமே சாப்பிடுறதில்ல." அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது.

"நடக்கீங்களா?"

"கால் வீங்குற வரைக்கும் நடக்கேன்."

செண்பகத்தம்மா ஒரு பழுத்த இலையைக் கிள்ளி எறிந்தார்.

"சரி, தங்குங்க. இங்க ஒரே ஒரு சட்டந்தான். யாரும் தன் இலையில தானே போட்டுக்கிடக் கூடாது. எதிர்ல இருக்கவங்கதான் போடணும்."

உலகம்மாள் பை வாரை இறுக்கிப் பிடித்தாள். அவள் பயந்ததே பரிமாறுகிற கைகளுக்குத்தான். நம் பக்கத்தில் பரிமாறுகிறவர் காதில் "போதும்" என்ற சொல் விழுவதே கிடையாது. "இது ஒரு சாப்பாடா" என்று இன்னொரு கரண்டி சரித்துவிட்டுத்தான் நகர்வார்கள். எத்தனை கல்யாணப் பந்திகளில் அவள் பாதியில் எழுந்து ஓடியிருக்கிறாள்.

"எனக்கு யாரும்மா போடுவா?"

"நான். எனக்கு நீங்க."

*

மத்தியானம் இலை போட்டார்கள்.

"ஒங்களுக்கு என்ன போடட்டும் அக்கா?"

"ரெண்டு துண்டு வெள்ளரிக்காய். அரை டம்ளர் மோர்."

செண்பகத்தம்மா ரெண்டு துண்டு வெள்ளரிக்காய் வைத்தார். அரை டம்ளர் மோர் ஊற்றினார். ஒரு சொல் கூடச் சொல்லவில்லை.

சண்டைக்குத் தயாராக வந்தவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

பிறகு அவள் முறை. குருவுக்கு அள்ளி வைக்காமல் வேறு யாருக்கு வைப்பது? வெள்ளைச் சோற்றைக் குவித்தாள். அன்றைக்கு யாரோ அன்னதானத்துக்குக் கொடுத்திருந்த வடையில் மூன்றை எடுத்து வைத்தாள். பாயசத்தை இலை தாங்காமல் ஓடும் அளவுக்கு ஊற்றினாள்.

செண்பகத்தம்மா இலையைப் பார்த்தார்.

"எனக்கும் அதே நீர்க்கட்டிதான் அக்கா. பதினெட்டு வயசுல இருந்து."

கரண்டி உலகம்மாள் கையிலேயே நின்றுவிட்டது.

"ஐயோ, மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா?"

"நீங்க கேக்கலையே."

"ஒங்களுக்கு எப்போ போச்சு?"

"போகலையே."

உலகம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நோயை விரட்டிய ஒருத்தரைத் தேடி இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். எதிரே இருப்பவர் அந்த நோயோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து வடையைப் பிட்டுக்கொண்டிருக்கிறார். அந்த நிமிடமே பையைத் தூக்கிக்கொண்டு போய்விடலாமா என்று தோன்றியது. போனால் மட்டும் எங்கே போவது?

"போகவே போகாத ஒன்னோட எப்படிம்மா இருக்கது?"

செண்பகத்தம்மா மென்று முடித்தார்.

"நாளைக்கு எனக்கு என்ன போடப் போறீங்க?"

*

அன்று சாயங்காலம் முழுவதும் உலகம்மாள் அடுப்படியை விட்டு நகரவில்லை.

மறுநாள் குருவின் இலையில் சிவப்பரிசிச் சோறு கைப்பிடி அளவு இருந்தது. அதைவிடப் பெரிய பங்காகக் கீரை. பக்கத்தில் வேகவைத்த பாசிப்பயறு, அவரைக்காய்ப் பொரியல், கெட்டி மோர். எல்லாம் ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சொல்லியனுப்பியதுதான். இத்தனையும் தின்றால் எங்கே குறையப் போகிறது என்று அவளே ஒதுக்கி வைத்ததுதான்.

"வயிறு நெறஞ்சுதாம்மா?"

"நெறஞ்சுது."

"நெறயணும். இல்லேன்னா சாயங்காலம் கண்டதையும் திங்கத் தோணும்."

பிறகு அவள் பாடு ஓயவில்லை. காலையில் வெறும் வயிற்றோடு தியானத்துக்கு உட்காரப் போன குருவை வாசலிலேயே மறித்து, பயறு அவித்துக் கொடுத்தாள். சாப்பிட்டு முடித்ததும், "வாங்கம்மா, சுனை வரைக்கும் மெதுவா நடப்போம்" என்று கூட்டிப் போனாள். வழியில் மூச்சு வாங்கினால் நிற்கச் சொன்னாள். விளக்கணைக்க நேரமானால், "தூக்கம் கெட்டா ஒடம்பு கெடும்" என்று அதட்டினாள். மடத்தில் இருந்தவர்கள் வாய்க்குள் சிரித்துக்கொண்டார்கள். யாருக்கு யார் குரு என்பதே தெரியாமல் போய்விட்டது.

அவள் இலையில் மட்டும் ரெண்டு துண்டு வெள்ளரிக்காய்தான்.

பக்கத்து ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போன இடத்தில் இருவருக்கும் ஆளுக்கு ஓர் அதிரசம் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல முடியாத வீடு. தின்றார்கள்.

"தப்புப் பண்ணிட்டேனோ அக்கா?" என்றார் செண்பகத்தம்மா, திரும்பி வரும்போது.

"என்னம்மா, ஒரு அதிரசத்துக்குப் போயி? நாளைக்கு எப்பவும் போல சாப்பிட்டா சரியாப் போகும். மனசப் போட்டு ஒழப்பாதீங்க."

அடுத்த நாள் உலகம்மாள் வெள்ளரிக்காயையும் விட்டாள். பையில் வைத்துச் சுமந்து வந்திருந்த எடை மிஷினில் அதற்கு மறுநாள் விடிந்ததும் ஏறி நின்றாள். இறங்கி, மறுபடி ஏறினாள். முள் இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் பிறகு மலைப்படியில் ஏறியவள் இறங்கினாள். இறங்கியவள் மறுபடி ஏறினாள். ஒவ்வொரு படியிலும் டாக்டரம்மாவின் முகம் தெரிந்தது. "கொறயலையே உலகம்மா" என்று அந்த முகம் சொல்லிக்கொண்டே இருந்தது.

பாதி மலையில் கண் இருட்டியது.

விழித்தபோது தலை செண்பகத்தம்மாவின் மடியில் இருந்தது. முகத்தில் தண்ணீர்.

"இன்னும் நான் என்னதாம்மா செய்யணும்?" அவள் அழுதாள். வெட்கமில்லாமல், சத்தமாக அழுதாள். "பட்டினி கெடந்தாச்சு. நடந்தாச்சு. நாள் நெருங்குது. இந்தத் தடவையும் எடை எறங்காமப் போயி நின்னா, வைத்தியத்தைத் தள்ளிப் போட்டுருவாங்க. எனக்கு வயசு போகுதும்மா."

செண்பகத்தம்மா அவள் முகத்தைத் துடைத்துவிட்டார். கையைப் பிடித்து மெல்லக் கீழே கூட்டி வந்தார்.

*

மத்தியானம் இலை போட்டார்கள்.

அன்றைக்கு உலகம்மாள் முதலில் பரிமாறினாள். சோற்றுப் பாத்திரத்தை எடுக்கப் போனவளை செண்பகத்தம்மா தடுத்தார்.

"எனக்கும் எடை இம்புட்டும் எறங்கல அக்கா. இன்னைல இருந்து நீங்க சாப்பிடுறதையே எனக்கும் போட்டுருங்க."

"எதைய?"

"ரெண்டு துண்டு வெள்ளரிக்காய்."

"அது வேண்டாம்மா."

"ஏன்?"

"சாயங்காலம் வரைக்கும் நீங்க நின்னு வேல பாக்கணும்லா? இதத் தின்னுட்டு எப்படி நிப்பீங்க? ஒடம்பு என்னத்துக்கு ஆகும்?"

"நீங்க நிக்கீங்களே."

"நான் எங்க நின்னேன்? காலையிலதான் விழுந்து..."

சொல்ல வந்ததை முடிக்காமல் நிறுத்தினாள்.

"கொறயணும்லா அக்கா," என்றார் செண்பகத்தம்மா. "போடுங்க."

"மாட்டேன்."

"சொல்லுறது நான். போடுங்க."

உலகம்மாள் வெள்ளரிக்காய்த் தட்டைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். இதுவரை அவள் குரு சொல்லை மீறியதே இல்லை.

"பட்டினி போட எனக்கு மனசு வராதும்மா. நீங்க என்ன பாவம் பண்ணுனீங்க? ஒடம்புல ஒரு கொறை இருக்கு, அம்புட்டுத்தான? அதுக்குப் போயி..."

மறுபடியும் நிறுத்தினாள். இந்த முறை வாய் திறந்தபடியே இருந்தது.

செண்பகத்தம்மா இலையைப் பார்த்தபடி காத்திருந்தார்.

உலகம்மாள் தட்டைக் கீழே வைத்தாள். சோறு போட்டாள். கீரை வைத்தாள். பயறு வைத்தாள், பொரியல் வைத்தாள், மோரை ஊற்றினாள். பிறகு தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். அவள் முன்னால் இலை வெறுமையாகக் கிடந்தது.

செண்பகத்தம்மா எழுந்து கரண்டியை எடுத்தார்.

"ஒங்களுக்கு என்ன போடட்டும் அக்கா?"

தினமும் கேட்கிற கேள்விதான். உலகம்மாள் எதிர் இலையைப் பார்த்தாள். வெள்ளரிக்காய்த் தட்டைப் பார்த்தாள். மறுபடி எதிர் இலையைப் பார்த்தாள்.

"பயமா இருக்கும்மா."

செண்பகத்தம்மா கரண்டியோடு நின்றார்.

"ஒங்களுக்குப் போட்டதையே எனக்கும் போடுங்க," என்றாள் உலகம்மாள்.