முற்றும் எங்கே போடுவது

சாலிகிராமத்தில் ஒரு மாடியில் ஒரு குரு இருந்தார். பெயர் ஜெபராணி. வயது முப்பத்து நான்கு. அவருடைய சீடர் கோதண்டத்துக்கு ஐம்பத்தொன்று. காவியும் இல்லை, கமண்டலமும் இல்லை. குரு ஜீன்ஸ் போட்டிருந்தார். சீடர் அப்போதுதான் வெற்றிலைப் பழக்கத்தை விட்டிருந்தார், அதுவும் அரைமனதாக.

அந்த மாடியில் குழந்தைகளுக்கான அனிமேஷன் தொடர் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. ஜெபராணி அதன் இயக்குநர். கோதண்டம் டிவி சீரியல்களுக்கு எழுதி எழுதிக் கைதேர்ந்தவர். மாமியார் படியில் உருள வேண்டுமா, மருமகள் மேல் பழி விழ வேண்டுமா, காலையில் சொன்னால் மதியம் தயார். ஆனால் எழுதிய சீரியல் ஒன்றைக்கூட அவர் முடித்தது கிடையாது. ஒன்று, சேனல் திடீரென்று நிறுத்திவிடும். இல்லையென்றால் நடுவில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். கடைசி சீரியலிலிருந்து அவரை எடுத்ததை யாரும் அவரிடம் சொல்லவே இல்லை. கதாநாயகியின் அப்பா செத்துக் கிடப்பதை வீட்டில் டிவியில் பார்த்தபோதுதான், இது நாம் எழுதியதில்லையே என்று அவருக்கு உறைத்தது.

சேர்ந்த அன்று குருவிடம் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தொடரும் போட எனக்குத் தெரியும், மேடம். எங்க போட்டா ஜனங்க நாளைக்கு வந்து உட்காருவாங்கன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். முற்றும் எங்க போடறது?"

பதிலுக்குக் குரு தொடரின் கடைசிப் பகுதியைத் தூக்கி அவரிடம் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை குரல் பதிவு. அதற்குள் கிளைமாக்ஸ் சரியாக வந்துவிட்டால், கதை என்ற இடத்தில் கோதண்டத்தின் பெயர் மட்டும் தனியாக வரும். வராவிட்டால் தானே எழுதிக்கொள்வதாகவும், அப்போது அவர் பெயர் வராது என்றும் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

கோதண்டத்துக்கு அது சின்ன விஷயமில்லை. சீரியலில் பெயர்கள் ஓடுகிற வேகத்தில் அவர் மனைவியே அவர் பெயரை முழுசாகப் படித்ததில்லை. முடிந்துபோன ஒரு கதைக்கு அடியில் தன் பெயர் ஓடாமல் நிற்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆசை என்ன, ஏக்கம் என்றே சொல்லலாம்.

தொடரின் கதை இதுதான். ஏரிக்கு நடுவே ஒரு நகரம். அதன் மதகைக் காவல் காப்பவள் அலரி. கடலிலிருந்து உப்பரசன் என்ற அரக்கன் படையெடுத்து வந்துகொண்டே இருப்பான். மதகை அவன் உடைத்துவிட்டால் ஏரி முழுக்க உப்பாகிவிடும். அலரியின் தம்பி சிட்டு, முதல் பகுதியிலேயே மதகில் விழுந்து இறந்து காற்றாகிவிட்டான். அக்கா சீழ்க்கை அடித்தால் வருவான். ஈரத் துணியைக் காயவைப்பான், பாய்ந்து வரும் அம்பைத் திருப்பிவிடுவான், அமைச்சரின் தலைப்பாகையைத் தட்டிவிட்டு ஓடுவான். ஆனால் அன்றைக்கே ஒன்று சொல்லிவைத்திருந்தான். அவனிடம் ஒரே ஒரு பெருமூச்சு இருக்கிறது. எந்தப் படையையும் அது சாய்த்துவிடும். அதை விட்டுவிட்டால் பிறகு அவன் இல்லை.

காற்றை வரைய முடியாது. அதனால் அலரியின் நெற்றியில் ஒரு முடிக்கற்றையை எப்போதும் அசையவிட்டிருந்தார்கள். அவள் தூங்கும்போதும் அது ஆடும், கதவு சாத்திய அறைக்குள்ளும் ஆடும். தம்பி பக்கத்தில் இருக்கிறான் என்று அர்த்தம். யாஸ்மின் என்ற பெண்ணுக்கு மூன்று வருடமாக அந்த முடியை ஆட்டுவதுதான் வேலை. கம்ப்யூட்டரில் அந்த ஆட்டம் மட்டும் லேயர் என்கிற தனி அடுக்கில் இருந்தது. அணைத்தால் முடி இருக்கும், ஆடாது. அந்த லேயருக்கு யாஸ்மின் சிட்டு என்றே பெயர் வைத்திருந்தாள்.

கோதண்டம் முதலில் எழுதிக் கொண்டுவந்ததில் அலரி தோற்று மண்ணில் கிடக்கிறாள். உப்பரசன் வானம் அதிரச் சிரிக்கிறான். அப்போது அவள் முதுகிலிருந்து பொன் இறக்கைகள் முளைக்கின்றன.

"இறக்கை ஏது, சார்?" என்று குரு கேட்டார்.

"உள்ளுக்குள்ள இருந்த சக்தி, மேடம்."

"எப்ப இருந்து?"

"இப்பத்தான்."

குரு தாள்களை வாங்கி வைத்துக்கொண்டார். மதிய இடைவேளையில் அங்கே எல்லோரும் கேரம் ஆடுவார்கள். அன்றைக்கு குருவும் சீடரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். கேரத்தில் கோதண்டம் பெரிய கை. குருவின் காய்கள் அப்படியே கிடக்க, சீடர் தன்னுடைய கடைசிக் காய்க்குக் குறி பார்த்துக்கொண்டிருந்தார். குரு தன் சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்புக் காயை எடுத்துக் குழியில் போட்டுவிட்டு, ஜெயித்துவிட்டேன் என்று எழுந்தார்.

கோதண்டத்துக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

"இது என்ன அநியாயம்? அந்தக் காய் போர்டுலயே இல்லையே."

குரு அந்தச் சிவப்புக் காயை எடுத்து, அவர் எழுதிய தாள்களின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து அவரிடம் நீட்டினார்.

சீடர் அன்று சாயங்காலம் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார். பிறகு முதல் பகுதியிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி போட்டுப் பார்த்தார். போர்டில் ஏற்கெனவே ஒரு காய் கிடந்தது. அந்தப் பெருமூச்சு. மூன்று வருடமாக எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டே இருந்தது.

அடுத்த தடவை இறக்கை இல்லை. உப்பரசன் வாளை ஓங்குகிறான். அலரி விரல்களை உதட்டில் வைக்கிறாள், பெரிய சீழ்க்கை அடிக்க. அங்கே கோதண்டம் கதையை நிறுத்திவிட்டுப் பழைய நினைவுகளை ஓடவிட்டார். சிட்டு பிறந்தது, தொட்டில், அப்பாவின் தோள், திருவிழாவில் தொலைந்தது, கிடைத்தது, மதகு, வெள்ளம். வாசித்து முடித்தபோது அவருக்கே மூச்சு வாங்கியது.

குரு டீ குடிக்கப் போகலாம் என்றார். டீக்கடை ஆற்காடு சாலைக்கு அந்தப் பக்கம். பாதி சாலையில் குரு நின்றுவிட்டார்.

"சார், எங்க ஊர் நாகர்கோவில் பக்கம். நான் அஞ்சாவது படிக்கிறப்ப எங்க வீட்டுல ஒரு ஆடு இருந்துச்சு. அது வந்து..."

வடபழனியிலிருந்து ஒரு பஸ் ஹாரன் அடித்தபடி வந்துகொண்டிருந்தது. கோதண்டம் குருவின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் அந்தப் பக்கம் சேர்த்தார். குருவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு டீ சொன்னார்.

"எதுக்கு சார் இழுத்தீங்க? ஆட்டுக் கதை பாதியில நிக்குது."

"பஸ் வருது மேடம். ஆடாவது மாடாவது."

"உங்க உப்பரசன் மட்டும் வாளைத் தூக்கிக்கிட்டு எல்லாத்தையும் கேட்டுட்டு நிக்கிறானே."

கோதண்டம் டீயை ஊதிக்கொண்டே நின்றார். பிறகு, அப்படியானால் பழைய நினைவே வேண்டாமா என்று கேட்டார். அவர் குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. அந்தத் தொட்டில் காட்சியை அவர் ஆசையாக எழுதியிருந்தார்.

"பஸ் கிட்ட வந்தப்ப உங்களுக்கு ஏதாவது ஞாபகம் வந்துச்சா?"

"வந்துச்சு. என் பொண்ணு ஸ்கூல் வாசல்ல நிக்கிறா. ஈர யூனிஃபார்மோட."

"எவ்வளவு நேரம் நின்னா?"

"எங்க நின்னா? கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள போயிட்டா."

குரு இரண்டு டீக்கும் காசு கொடுத்துவிட்டு நடந்தார். சீடர் பின்னால் வந்தார். அன்றே தொட்டில் போனது, தோள் போனது, திருவிழா போனது. ஈரத் தலையோடு சிரிக்கும் சிட்டுவின் முகம் மட்டும் மிஞ்சியது. அதுவும் கண்ணை மூடித் திறக்கிற நேரத்துக்குத்தான்.

சனிக்கிழமை மதியம் கோதண்டம் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்து முழுக் கிளைமாக்ஸையும் வாசித்தார். எல்லாக் குரலிலும் அவரே பேசினார். வாசிக்க உட்கார்ந்தால் மனுஷன் சிங்கம்தான். அலரி சீழ்க்கை அடிக்கிறாள். சிட்டு தன் பெருமூச்சை விடுகிறான். உப்பரசனும் அவன் படையும் உப்புக் குவியலாகச் சரிகிறார்கள். மதகு நிற்கிறது. ஏரி அமைதியாகிறது. அலரி தனியாக நிற்கிறாள். அப்போது அவள் நெற்றியில் அந்த முடி மெல்ல ஆடுகிறது. கடைசியாக உப்புக் குவியலுக்குள்ளிருந்து ஒரு விரல் அசைகிறது.

எல்லோரும் கைதட்டினார்கள். யாஸ்மின் அப்பாடா என்று பெருமூச்சு விட்டாள். கோதண்டம் ஜெயித்தாகிவிட்டது என்ற முகத்தோடு குருவைப் பார்த்தார்.

"சிட்டு பெருமூச்சை விட்டாச்சு. அப்புறம் முடி எப்படி ஆடுது?"

"திரும்பி வந்துட்டான், மேடம். அக்கா மேல அவ்வளவு பாசம்."

"அந்த விரல்?"

"அது சும்மா. அடுத்த கதைக்கு ஒரு பிடி இருக்கட்டுமேன்னு."

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் வளர்ந்த உலகம் அப்படி. சீரியலில் நடிகர் கோபித்துக்கொண்டு போனால் அவர் படத்துக்கு மாலை போடுவார்கள். சமாதானமாகி வந்தால் மாலையைக் கழற்றிவிட்டு, விபத்தில் நினைவு தப்பி எங்கோ இருந்தார் என்பார்கள். வரவே மாட்டேன் என்றால் வேறொருவரைக் கூட்டிவந்து, இனி இவருக்குப் பதில் இவர் என்று கீழே ஒரு வரி ஓடும். மறுநாளே வீட்டில் எல்லோரும் புது முகத்தை மாமா என்று கூப்பிடுவார்கள். கோதண்டம் லாரியில் அடித்துக் கொன்றவர்கள் ஏராளம். ஒருவரையும் நிஜமாக வழியனுப்பி அவருக்குப் பழக்கமில்லை.

குரு அதை வைத்தே கேட்டார்.

"சிட்டுக்குப் பதில் இவர்னு யாரைப் போடலாம், சார்?"

கோதண்டம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். எந்தப் பெயரும் வரவில்லை.

குரு அவரை யாஸ்மினின் இடத்துக்கு அழைத்துப் போனார். கடைசிக் காட்சிக்கு யாஸ்மின் ஏற்கெனவே போட்டுவைத்திருந்த மாதிரிப் படம் திரையில் இருந்தது. மதகின் மேல் அலரி, பின்னால் ஏரி, நெற்றியில் ஆடும் முடி. பக்கத்தில் லேயர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு கண். அதைத் தொட்டால் மூடிக்கொள்ளும், அந்த லேயர் அணைந்துவிடும்.

"சிட்டு கண்ணை மூடுங்க, சார்."

கோதண்டம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். குழந்தைகள் அழுவார்கள் என்றார். அழுவார்கள்தான் என்றார் குரு. ஊர் உலகத்தில் எல்லாத் தொடரிலும் திரும்பி வருகிறார்களே என்றார். குரு திரையில் அந்தக் கண்ணைக் காட்டினார்.

"நீங்களே மூடிடுங்களேன், மேடம்."

"நான் மூடினா என் பேர்தான் வரும்."

யாஸ்மின் எழுந்து நாற்காலியை அவருக்கு விட்டாள். ஒரே ஒரு முறை ஓடவிட்டுப் பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். ஓடியது. முடி ஆடியது. அவள் சரி என்று தலையாட்டினாள்.

கோதண்டம் அந்தச் சின்னக் கண்ணைத் தொட்டார். அது மூடிக்கொண்டது. முடிக்கற்றை நெற்றியில் படிந்து அப்படியே நின்றது.

திரையில் வேறெதுவும் மாறவில்லை. அதே பெண், அதே மதகு, அதே ஏரி. கோதண்டம் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டார். மறுபடி கழற்றித் துடைத்தார். உப்புக்குள் அசைந்த விரலை யாரும் சொல்லாமலேயே அவர் தாளில் அடித்துவிட்டார்.

பிறகு அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். குரல் தெளிவாக வந்தது.

"மேடம், ஒண்ணு சேர்க்கணும். அவ விசில் அடிக்கட்டும். பெரிய விசில் இல்ல, துணி காயவைக்கக் கூப்பிடுவாளே, அது. மெதுவா ஒரே தடவை."

"அடிச்சா?"

"முடி ஆடக் கூடாது."

யாஸ்மின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குரு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்த நாளிலிருந்து கோதண்டம் எழுதிய எதற்கும் ஒரு கேள்வி வைத்திருந்தவர், இதற்கு ஒன்றும் கேட்கவில்லை. திங்கட்கிழமைப் பதிவுக்கு அந்தச் சீழ்க்கையையும் சேர்த்துக்கொள்ளும்படி யாஸ்மினிடம் சொன்னார்.

கோதண்டம் பேனாவைத் திறந்தார். கடைசித் தாளில் இன்னும் நிறைய இடம் இருந்தது. சீழ்க்கையை எழுதினார். முடி ஆடவில்லை என்று எழுதினார். அதற்குக் கீழே பேனா போகவில்லை.

"இதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வரலை, மேடம். முற்றும் எங்க போடறது?"

"போட்டுட்டீங்க, சார்."